குவைத்துப் பெட்டி

சுமித்திரா ஊர் வந்து சேர்வதற்கு முதல் நாளே அவளுடைய பெட்டி வந்து சேர்ந்துவிட்டது.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரமாகப் பிரிந்து போகும் அந்தச் செம்மண் ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு போய் வந்தவர்கள் வீட்டுக்கு வீடு எதையாவது கொடுக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம்: ஒரு வாசனைச் சவர்க்காரம், ஒரு கோடாலித் தைலப் போத்தல், பிள்ளைகள் இருக்கும் வீடானால் ஒரு பிடி சொக்கிலேற். கொடுக்காமல் விட்டவர்களை யாரும் ஏசுவதில்லை. அவர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். வெறுங்கையோடு திரும்பியவர் பெண்ணாக இருந்தால் அந்த யோசனை எந்தத் திசையில் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கட்டுநாயக்காவில் இறங்கியபோது சுமித்திராவின் கையில் இருந்தது ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இரண்டு சட்டைகள். தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் யாரோ கழற்றிக் கொடுத்த செருப்பு. கடவுச்சீட்டுக்குப் பதிலாக ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு தாள். இடது மணிக்கட்டு முறிந்து, பார்ப்பாரில்லாமல் தானாகவே பொருந்தியிருந்தது. அந்தக் கையின் விரல்கள் பாதிவரை மடங்கும், அதற்குமேல் மடங்கா.

விடிய வந்து படுத்தவள் மத்தியானம்வரை எழவில்லை. அந்த இடைவெளியில் அவளுடைய கணவன் கிருபன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முழுவதும் போய் வந்துவிட்டான். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவளை வேலிக்கு அப்பாலிருந்து நேசமலர் கூப்பிட்டாள்.

"பிள்ளை சுமித்திரா, சவர்க்காரம் என்ன வாசமடி! அலுமாரிக்குள்ள உடுப்போட வைச்சிருக்கிறன். தேய்ச்சுக் குளிக்க மனம் வரேல்லை."

எந்தச் சவர்க்காரம் என்று சுமித்திராவுக்கு விளங்கவில்லை. சிரித்து வைத்தாள். உள்ளே வந்து பார்த்தபோது குசினி மூலையில் ஒரு பெரிய கடதாசிப் பெட்டி, வெறுமையாக, வாய் பிளந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் கறுப்பு மையினால் தடித்த எழுத்தில் அவளுடைய பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே ஊர். ஊருக்குக் கீழே, குவைத்.

"இது ஆற்ற பெட்டி?"

"உன்ர பெட்டிதான்," என்றான் கிருபன். "வவுனியாவில வேண்டினனான்."

"நான் கேட்டனானோ?"

"வெறுங்கையோட வந்தாள் எண்டு நாலு பேர் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ? உன்ர பேருக்காகத்தான் செய்தனான், சுமி."

குவைத்தில் அவளுக்கு அந்தப் பெயர் இருக்கவில்லை. அவளுக்கு முன்பு அங்கே வீட்டு வேலைக்கு நின்றவளின் பெயர் மாலா. புதிய பெயரொன்றைப் பழகிக்கொள்ள வீட்டுக்காரிக்கு விருப்பமில்லை. ஆகவே சுமித்திராவும் மாலா ஆனாள். ஒரு வீட்டுக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் அந்த வீடு, மத்தியானம் வீட்டுக்காரியின் தங்கையின் வீடு, பின்னேரம் தாயின் வீடு. மூன்று வீட்டுக்கும் மாலா. அப்படித் தொலைந்த பெயரைக் காப்பாற்றத்தான் கிருபன் வவுனியாவில் சவர்க்காரம் வாங்கியிருக்கிறான். அன்றைக்கு அவளுக்குச் சண்டை பிடிக்கத் தெம்பிருக்கவில்லை. பேசாமல் விட்டாள்.

அவள் போனதே ஒரு சுவருக்காகத்தான். விதைநெல் மணத்துக்கு வந்த யானை, வீட்டின் பின்சுவரைத் தலையால் முட்டிச் சரித்து, மூட்டைகளை இழுத்துத் தின்றுவிட்டுப் போனது. கூலிக்கு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிற கிருபனால் அந்தச் சுவரைத் திரும்ப எழுப்ப முடியவில்லை. அப்போதுதான் நிரஞ்சன் வந்தான். கொழும்பு முகவர் நிலையம் ஒன்றுக்கு வன்னியில் ஆள் பிடித்துக் கொடுப்பவன். நீளக் கைச்சட்டை, இஸ்திரி மடிப்பு, வாய் நிறைய அக்கா. சுமித்திராவின் பாட்டனுக்குப் பாட்டனைத் தமிழ்நாட்டிலிருந்து மலைநாட்டுக்குக் கூட்டி வந்த கங்காணியும் இப்படித்தான் உறவுமுறை சொல்லியே பேசியிருப்பான். பிறகு கலவரத்தில் மலையிலிருந்து அந்தக் குடும்பத்தை வன்னிக்கு அடித்துக் கலைத்தவர்கள் மாத்திரமே உறவு சொல்லாமல் பேசியவர்கள்.

அவள் போனாள், வந்தாள். பின்சுவர் இருந்த இடத்தில் இன்னும் தகரம்தான் நின்றது. ஒழுங்கையில் ஒருவரும் அந்தத் தகரத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்கள்.

அதன் பலன் ஒரு திங்கட்கிழமை தெரிந்தது. நேசமலர் ஒரு கிண்ணத்தில் பயற்றம் பணியாரத்தோடு வந்து, கதிரையில் வசதியாக இருந்துகொண்டு சொன்னாள்.

"எங்கட அனோஜாவுக்குச் சரிவந்திட்டுது, பிள்ளை. பாஸ்போர்ட்டை நிரஞ்சன் தம்பியிட்டக் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறாராம். நீ நிண்ட அதே குவைத்துத்தான்."

சுமித்திரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அவளை அனுப்பாதேங்கோ."

"ஏனடி?"

"அவன் சொல்லுறது ஒண்டும் அங்க இல்லை. என்னைப் பூட்டி வைச்சவை. ஃபோனைப் பறிச்சவை. கடைசி மாதங்கள் சம்பளமே இல்லை. இந்தக் கை ஊருக்குச் சொன்ன மாதிரிக் குளியலறையில விழுந்து முறிஞ்சதில்லை, அக்கா. மாடி யன்னலால குதிச்சனான்."

நேசமலர் அவளுடைய கையைப் பார்த்தாள். பிறகு குசினி மூலையைப் பார்த்தாள். அங்கே இப்போது விறகு அடுக்கியிருந்த பெட்டியில் சுமித்திராவின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"சம்பளம் இல்லாதவள் ஒழுங்கை முழுக்கக் குடுக்கிற அளவுக்குச் சாமான் எங்கால கொண்டு வந்தனி?"

சுமித்திரா வாயைத் திறந்தாள். பதில் கிருபனின் தலையில் போய் விழும். அந்த ஒரு கணம் அவள் தயங்கினாள். நேசமலருக்கு அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது.

"நீ போய் வந்திட்டாய். என்ர பிள்ளை போனா மட்டும் உனக்குக் கண்ணுக்க குத்துதோ?" எழும்பினாள். கிண்ணத்தை எடுக்க மறக்கவில்லை.

பின்னேரம் லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்திய கிருபனை அவள் முற்றத்திலேயே மறித்தாள்.

"போய்ச் சொல்லுங்கோ. சாமான் வவுனியாவில வேண்டினது எண்டு நேசமலர் அக்காட்டச் சொல்லுங்கோ."

"விசரே உனக்கு? நான் இந்த ஒழுங்கையால நடக்கிறேல்லையோ?"

"அனோஜா போயிடுவாள்."

"போறவை போகட்டும். எல்லாருக்கும் உன்னைப்போல நடக்குமே? உனக்குக் கொஞ்சம் பொறுமை காணாது எண்டுதான் நிரஞ்சனும் சொன்னவன்."

யன்னலால் குதித்த நாளிலும் சுமித்திராவுக்குப் பயம்தான் வந்தது, கோபம் வரவில்லை. இப்போது வந்தது. பொறுமை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் அவளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான். ஃபோனைப் பறிக்கும் முன்பு, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து களவாக நிரஞ்சனுக்கு அழைப்பு எடுத்தபோது, அக்கா, கொஞ்சம் பொறுமையா இருங்கோ, போகப் போகப் பழகிடும் என்றான். அடுத்த அழைப்பை அவன் எடுக்கவில்லை. ஆனால் கிருபனோடு கதைத்திருக்கிறான்.

"நிரஞ்சன் எப்ப உங்களோட கதைச்சவன்?"

கிருபன் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் அவள் அனோஜாவை வேலியோரம் பிடித்தாள். இருபத்திரண்டு வயது, ஆடைத் தொழிற்சாலையில் வேலை, அன்று லீவு. பயணப் பை வாங்க வவுனியாவுக்குப் போக வேண்டும் என்று அவள் தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் வாறன், நல்ல கடை ஒண்டு தெரியும் என்றாள் சுமித்திரா. நேசமலர் முகத்தைச் சுளித்தாள்; ஆனாலும் விட்டாள்.

பஸ் நெடுங்கேணியைத் தாண்டியது.

"அம்மா சொன்னவா," என்றாள் அனோஜா. "நீங்கள் என்னைத் தடுக்கப் பாக்கிறியள் எண்டு."

"ஓம்."

"தடுத்துப்போட்டு? கார்மென்ற்ஸ் பஸ்ஸில பின்சீற்றில நித்திரை கொண்டே எனக்கு வயசு போகுது, அக்கா. அங்க குனிஞ்ச தலை நிமிர விடமாட்டினம். குவைத்திலயும் அப்பிடித்தான் எண்டா, கூடக் காசு தாற இடத்தில குனியிறன்."

சுமித்திராவும் இதையே சொல்லிக்கொண்டு போனவள். ஆகவே, நடந்ததை மட்டும் சொன்னாள்: மூன்று வீடு, மாலா, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்ட மெத்தை, வெளியிலிருந்து மட்டும் பூட்டக்கூடிய கதவு, யன்னல். புளியங்குளம் போனது, ஓமந்தை போனது. அனோஜா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, தாய் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பெட்டி?"

"அதைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போறன்."

கடை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சந்துக்குள் இருந்தது. வெறும் பெட்டிக்குள் கிடந்த ஒரு பையில் கடையின் பெயர் அச்சடித்திருந்ததால் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் சுமித்திராவின் ஒழுங்கை முழுவதும் தட்டுகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது: நேசமலரின் சவர்க்காரம், எதிர்வீட்டுக்காரரின் தைலம், புலிப்படம் போட்ட கம்பளி, அத்தர், பேரீச்சம்பழம். முதலாளி சிற்றம்பலம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வரவேற்றார்.

"வாங்கோ பிள்ளையள். எந்த நாடு?"

"நாடோ?"

"எங்கயால வாற ஆளுக்கு எண்டு கேட்டனான். குவைத் எண்டா பேரீச்சம்பழம் கட்டாயம் இருக்கோணும். கட்டார் எண்டா அத்தரைக் கூட்டிப் போடுவம். கொரியாவுக்கு வேற சாமான். அது எலெக்ற்றிக் பக்கம். பெட்டி நாங்களே கட்டித் தருவம். நீலக் கயிறு, விமான நிலையத்தில கட்டுற மாதிரியே. பேரும் எழுதலாம்." அவர் பெருமையோடு சொன்னார், ஒளிக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. "உங்கட காசோ, நிரஞ்சன் தம்பியின்ர கணக்கோ?"

அனோஜா சுமித்திராவைத் திரும்பிப் பார்த்தாள். சுமித்திரா அதை எதிர்பார்த்து வரவில்லை. கணவனின் பொய்யைக் காட்டத்தான் வந்திருந்தாள்.

"நிரஞ்சன் தம்பி நிறைய வேண்டுவாரோ?" என்று கேட்டாள்.

"அவர்தானே எங்கட பெரிய வாடிக்கை! இடையில திரும்பி வாறவையின்ர வீட்டுக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு பெட்டி போயிடும். வீட்டுக்காரருக்கும் மரியாதை, அவருக்கும் தொழில். 'ஒரு பெட்டி போன ஊரில இருந்து ரெண்டு பிள்ளையாவது வரும், அண்ணை, இதுதான் என்ர விதைநெல்லு' எண்டு சொல்லுவார்." சிற்றம்பலம் சிரித்தார். "இந்தா, இண்டைக்கும் ஒண்டு கட்டி வைச்சிருக்கு."

கதவோரம் ஒரு பெட்டி நீலக் கயிற்றோடு நின்றது. அதே கறுப்பு மை. அதே தடித்த எழுத்து. இராசமலர். துணுக்காய். குவைத்.

சுமித்திரா அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பாதுகாப்பு இல்லத்தில் அவளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள் துணுக்காய் இராசமலர். முதுகு முழுவதும் கொதிநீர் பட்ட தழும்போடு குப்புறப் படுத்தபடி, ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அந்த நிரஞ்சனை முச்சந்தியில் வைத்துக் கேட்பேன் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் இன்னும் விமானம் ஏறவில்லை. அவள் கேட்கப் போகும் கேள்விக்கான பதில் கயிறு கட்டித் தயாராக நின்றது.

"இதை நாங்கள் கொண்டு போறம்," என்றாள் சுமித்திரா. "நிரஞ்சன் தம்பி எடுத்து வரச் சொன்னவர்."

சிற்றம்பலம் மறுபேச்சின்றிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். சுமித்திராவின் இடது கையால் அதைப் பற்ற முடியவில்லை. அனோஜா தன் தோளில் ஏற்றிக்கொண்டாள். பயணப் பை வாங்குவதைப் பற்றி இருவரும் மறந்துபோனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நேசமலரின் முற்றத்தில் பொங்கல் பொங்கி இறக்கியாகிவிட்டது. மகள் பஸ்ஸில் வந்து சொன்ன கதையைத் தாய் நம்பவும் இல்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பெட்டியில் வேறு யாரோ ஒருத்தியின் பெயர்தானே இருக்கிறது, அது நிரஞ்சனுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாள். அவர் வரட்டும், நீங்களே கேளுங்கோ என்றாள் சுமித்திரா. பெட்டியை அவள் வாசலுக்கு நேரே, வருபவர் கண்ணில் படும்படி வைத்தாள். கிருபன் வேலியோரத்தில் நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

நிரஞ்சன் மோட்டார் சைக்கிளை முற்றத்திலேயே நிறுத்தினான். தலைக்கவசத்தைக் கண்ணாடியில் கொழுவினான், வண்டியில் செருகியிருந்த திறப்பை எடுக்கவில்லை. அதிக நேரம் நிற்கிற எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை.

"வான் சந்தியில நிக்குது. பிள்ளை வெளிக்கிட்டாச்சோ? சுமித்திராக்கா, சுகமோ? கை எப்பிடி?"

பிறகு அவன் பெட்டியைக் கண்டான். எழுத்தை வாசித்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்தத் தொழிலுக்கு அது அவசியமான தேர்ச்சி. ஆனால் வாய் அவசரப்பட்டுவிட்டது.

"இது எப்பிடி இஞ்ச வந்தது? நாளைக்குத் துணுக்காய்க்குப் போக வேண்டிய சாமானெல்லோ."

நேசமலர் கையிலிருந்த அகப்பையை மெதுவாகப் பானைக்குள் வைத்தாள்.

"அப்ப இது உம்மடைதானோ, தம்பி?"

"அம்மா, இது சும்மா ஒரு உதவி. வெறுங்கையோட வாற பிள்ளையளுக்கு..."

"ஏன் வெறுங்கையோட வருகினம்?" என்றாள் சுமித்திரா. உரத்துச் சொல்லவில்லை. "நீர் அனுப்பின ஆக்கள் ஏன் வெறுங்கையோட வருகினம்? பெட்டி கட்டத் தெரிஞ்ச உமக்கு அண்டைக்கு ஃபோன் எடுக்கத் தெரியேல்லையோ? இராசமலரின்ர முதுகு வெந்தது உமக்குத் தெரியும். தெரிஞ்சபடியாத்தானே பெட்டி ஆயத்தமா நிக்குது." அவள் நேசமலர் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களும்தான். பெட்டியைப் பாத்தனியள். என்ர பின்சுவரைப் பாத்தனியளோ? பெட்டி வந்தது, ஏனடி சுவர் வரேல்லை எண்டு ஒரு சொல்லுக் கேட்டனியளோ?"

நேசமலர் குனிந்து பானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிரஞ்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இந்தக் கதையெல்லாம் பிறகு கதைக்கலாம். விசா வந்திட்டுது. பிள்ளை இப்ப மாறினா எனக்குத்தான் நட்டம்; அதை ஆர் தாறது?"

"என்ர பாஸ்போர்ட்டைத் தாங்கோ," என்றாள் அனோஜா.

"அது கொழும்பில."

"எடுத்துக்கொண்டு வாங்கோ."

"அப்பிடி உடன எடுக்கேலாது, தங்கச்சி. அதுக்கு ஒரு முறை இருக்கு. கொஞ்சம் பொறுமையா..."

அந்தச் சொல் முழுதாக வெளியே வருவதற்குள் நேசமலர் நடந்து போய், மோட்டார் சைக்கிளிலிருந்து திறப்பை உருவி எடுத்தாள். கொண்டாட்டத்துக்கென்று உடுத்திய நல்ல சேலையின் முந்தானையில் அதை வைத்து இரட்டை முடிச்சாக முடிந்து, இடுப்பில் செருகினாள்.

"பாஸ்போர்ட் வந்தாப் பிறகு திறப்பு வரும்."

"அம்மா, இது சரியில்லை. ஒராளின்ர பொருளை மறிச்சு வைக்கேலாது. நான் பொலிசுக்குப் போவன்."

"போம், தம்பி. நடந்து போம். பெட்டியைப் பற்றியும் மறக்காமச் சொல்லும்."

நிரஞ்சன் கிருபனைப் பார்த்தான். ஆண்பிள்ளை ஒருவன் நிற்கிறானே என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. கிருபன் தலையைக் குனிந்தான். அதன்பிறகு நிரஞ்சன் தலைக்கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மடிப்புக் குலையாத சட்டையோடு, சந்தியை நோக்கிப் புழுதிக்குள் நடந்தான். ஒழுங்கை நீளமானது. படலைகளில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"பாஸ்போர்ட் வந்தா நான் போகவே மாட்டன் எண்டு நினைக்காதேங்கோ, அக்கா," என்றாள் அனோஜா. "போனாலும் போவன். ஆனா எந்த வீட்டுக்கு, எந்தப் பேரில எண்டு கேட்டுப்போட்டுத்தான் போவன்."

"கேள்," என்றாள் சுமித்திரா. "பெட்டி நாளைக்குப் போறதெண்டா இராசமலர் ஞாயிற்றுக்கிழமை வந்திடுவாள், துணுக்காய்க்கு என்னோட வா. அவளிட்டயும் கேள்."

கிருபன் வேலியோரத்திலிருந்து கிட்ட வந்தான். "லான்ட்மாஸ்டரில நான் கூட்டிக்கொண்டு போறன். இந்தப் பெட்டியையும் ஏத்துறதோ?"

"பெட்டி இஞ்ச கிடக்கட்டும். அதுக்கு முதல் உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. அண்டைக்கு எந்தெந்த வீட்டில சாமான் குடுத்தனீங்கள்?"

"எல்லா வீட்டிலயும்தான்."

"எல்லா வீட்டுக்கும் போங்கோ. குடுத்தது ஆற்ற சாமான் எண்டு சொல்லுங்கோ. நான் எப்பிடி வந்தனான் எண்டும் சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டினம். நீங்கள் குடுத்ததைத்தானே நம்பினவை."

"சுமி, ஒழுங்கையில நான் தலைகாட்ட வேண்டாமோ?"

சுமித்திரா மடங்காத கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அவன் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கிருபன் படலையைத் திறந்து வெளியே போனான். எதிர்வீட்டு வாசலில் அவன் தொண்டையைச் செருமி, வீட்டுக்காரரைக் கூப்பிடுவது கேட்டது.